பிரம்பு இல்லாமல் வகுப்பு நடத்த

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரம்பைப் பிடுங்கியதால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று புலம்புகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, அடிப்பதோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பதும் அடிதான், என்னைக் கேட்டால்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஒருவன் பக்கத்துப் பையனின் ரப்பரைப் பிடுங்கினால், "ஏன்டா எடுத்தே?" என்று கேட்பதில்லை. கேட்டால் பொய்தான் வரும். வகுப்பே வேடிக்கை பார்க்கும். அருகில் போய்க் குனிந்து, "ரப்பரை அவன்கிட்ட குடுத்துட்டு மூணாவது கணக்கைப் போடு" என்பேன். சொன்னதும் நகர்ந்துவிட வேண்டும். தலைமாட்டிலேயே நின்றால் வீம்புதான் வரும். மீதிப் பேச்சு மதிய உணவுக்குப் பிறகு, தனியாக. வீட்டுச் சண்டை, கரும்பலகை சரியாகத் தெரியாதது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க டீச்சர்" என்கிற பெற்றோரிடம் பேசுவது இதைவிடக் கடினம்.

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் செயலி, பதிவேடு என்றே பொழுது போய்விடுகிறது. இப்படிப் பேசுவதை ஆசிரியர்கள் தங்களுக்குள் நடித்துப் பழக ஒரு மணி நேரமாவது ஒதுக்கலாம்.

ஓர் ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.