ராக்கெட் வந்தால் பீரங்கி வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் வந்த ராக்கெட் படை பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். லாரியிலிருந்து ஏவப்படும் நம் நாட்டுப் பினாகா ராக்கெட்டுகள் பெருகிவிட்டால் பீரங்கிகள் காட்சிப்பொருளாகிவிடும் என்று அது முடிகிறது. அல்சூர் ஏரிக்கரையில் என்னோடு காலையில் நடக்கும் நண்பரும் அதைப் படித்துவிட்டு, "இனிப் பீரங்கி எதற்கு அண்ணா?" என்று கேட்டார். பீரங்கிப் படையில் 21 ஆண்டுகள் இருந்தவன் என்பதால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பினாகா அருமையான ஆயுதம். ஒரு வண்டி 44 விநாடிகளில் 12 ராக்கெட்டுகளை ஏவிவிடும். ஆறு வண்டிகள் கொண்ட பேட்டரி என்ற படைப்பிரிவு என்றால் 72. பரந்து கிடக்கும் எதிரி முகாமைத் தாக்க அதைத்தான் நானும் கேட்பேன்.

ஆனால் எதிரி ஒரு பாறை இடுக்கில் இருக்கிறான், நம் காலாட்படையினர் சில நூறு மீட்டர் கீழே ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்றால்? 1999இல் கார்கில் போரின்போது திராஸில் நிலைமை அதுதான். கண்காணிப்பு நிலையில் நான் வயர்லெஸ் வைத்திருந்தேன். அதிகாரி முதலில் ஒரே ஒரு போஃபர்ஸ் பீரங்கியைச் சுடச் சொல்வார். குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து "வலப்புறம் 50, கூட்டு 100" என்பார்; அதாவது வலப்பக்கம் 50 மீட்டர் தள்ளி, இன்னும் 100 மீட்டர் தூரத்தில் போடு என்று பொருள். அடுத்தது இன்னும் நெருங்கும். இலக்கு பிடிபட்ட பிறகுதான் மற்ற பீரங்கிகள் சேர்ந்துகொள்ளும். மேலே ஏறியவர்கள் அந்தத் திருத்தத்தை நம்பித்தான் ஏறினார்கள்.

ராக்கெட்டுகள் ஏன் குறி விலகிச் சிதறி விழுகின்றன என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பீரங்கிக் குண்டு குழலைவிட்டு வெளியேறும்போதே முழு வேகத்தையும் பெற்றுவிடுகிறது. குழலுக்குள் உள்ள சுருள் வரிகள் அதைச் சுழற்றி நிலைப்படுத்துகின்றன. ராக்கெட்டோ மெதுவாகக் கிளம்பி, வெளியே வந்த பிறகும் எரிந்தபடியே வேகமெடுக்கிறது. அந்த நேரத்தில் வீசும் குறுக்குக் காற்று அதன் தலையைத் திருப்பிவிடும். அரை டிகிரி விலகினால் போதும், 38 கி.மீ. தொலைவில் 330 மீட்டர் தள்ளி விழும். 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலேயரைக் கலங்கடித்த மைசூர் ராக்கெட்டுகளுக்கும் இந்தக் குறை உண்டு. அதனால்தான் அவற்றைக் கூட்டமாக ஏவினார்கள்.

அடுத்தது செலவு. ஏவும் வண்டியின் விலையையும் பீரங்கியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கு தவறித்தான் போகும். ஏவும் வண்டி குழாய்களைச் சுமக்கும் லாரி. பணம் போவது ராக்கெட்டில். மோட்டார், எரிபொருள், உறை எல்லாம் ஒரே பயணத்தில் அழிந்துபோகின்றன. பீரங்கிக்கு முதலில் கொட்டிக் கொடுக்க வேண்டும், ஆனால் ஒரு குழல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுடும். கார்கிலில் நம் பீரங்கிப் படை ஏறத்தாழ இரண்டரை லட்சம் குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் செலவிட்டது. அத்தனையும் ராக்கெட்டாகவே இருந்திருந்தால் எந்தக் கருவூலம் தாங்கும்?

பறக்கும்போதே திசையைத் திருத்திக்கொண்டு 75 கி.மீ. வரை செல்லும் வழிகாட்டப்பட்ட பினாகா இந்தச் சிதறலைப் பெருமளவு போக்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதில் ராக்கெட்டுக்கு ஓர் இயற்கையான வசதியும் இருக்கிறது. பீரங்கிக் குழலுக்குள் குண்டு தாங்கும் விசை புவியீர்ப்பைப்போல் பத்தாயிரம் மடங்கைத் தாண்டும். அதற்குள் மின்னணுக் கருவியை உடையாமல் வைப்பது பெரும்பாடு. செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு இலக்கை நாடும் அமெரிக்க எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டின் விலை ஏன் அவ்வளவு ஏறியது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் உக்ரைனில் செயற்கைக்கோள் சமிக்ஞைகளை ரஷ்யர்கள் குலைத்ததும் அதே எக்ஸ்காலிபர் தடுமாறியது. விலை உயர்ந்த வழிகாட்டப்பட்ட ராக்கெட்டைப் பாலத்துக்கும் வெடிமருந்துக் கிடங்குக்கும் வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பதுங்குகுழிக்கும் ஒன்று என்று ஏவ முடியாது.

ஓர் இலக்கை அழிக்க எத்தனை குண்டு, எத்தனை ராக்கெட், ஆகும் பணம் எவ்வளவு என்ற ஒப்பீட்டோடு இன்னொரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தனுஷ் பீரங்கிக்குப் போதிய குண்டுகள் தயாராகின்றனவா என்பதையும் உங்கள் நிருபர் விசாரித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பீரங்கிப் படை ஹவில்தார்,
அல்சூர், பெங்களூரு.