இன்மையை மறைக்காத குறிகள் வேண்டும்: நிரல்மொழி வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரு மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற நிலையை எழுதிக் காட்ட உங்கள் மொழியில் நீங்கள் தேர்ந்தெடுக்கவிருக்கும் குறிகளைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன். 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது 'மதிப்பு இல்லை' என்பதைக் குறிக்கும் 'நல்' சுட்டைப் புகுத்திய கணினி அறிவியலாளர் டோனி ஹோர், அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று 2009இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். செயல்படுத்துவதற்கு மிக எளிதாக இருந்ததால்தான் அதைச் சேர்த்ததாகவும் சொன்னார். தட்டச்சு செய்ய எளிது என்பதற்காக மட்டும் ஒரு குறியை நீங்கள் ஏற்றுவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

முதலில், இடப்பக்க மதிப்பு இருந்தால் மட்டும் அதன் உறுப்பை எடுக்கச் சொல்லும் ?. என்ற குறியை எடுத்துக்கொள்கிறேன். பயனர்?.முகவரி.ஊர் என்று ஒருவர் எழுதுகிறார். பயனர் இல்லாமல் போகலாம், ஆனால் பயனர் இருந்தால் முகவரி கட்டாயம் இருக்கும் என்பது அவருடைய கருத்து. ஜாவாஸ்கிரிப்ட், சி ஷார்ப், ஸ்விஃப்ட் ஆகிய மொழிகளில் பயனர் இல்லையென்றால் சங்கிலி முழுவதும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவதால், அவர் எழுதியது அப்படியே செல்லும். கோட்லினிலோ முதல் கண்ணியின் விடையே 'இல்லாமல் போகக்கூடியது' என்று ஆகிவிடுவதால், அடுத்த புள்ளிக்கு முன்பும் கேள்விக்குறி இடாமல் தொகுப்பி (நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) விடாது. இதில் தட்டச்சுச் சுமை சிறிது, இழப்பு பெரிது. எல்லாக் கண்ணிகளிலும் கேள்விக்குறி நிற்கும்போது, உண்மையில் எந்த இடத்தில் மதிப்பு இல்லாமல் போகக்கூடும் என்ற செய்தி, பின்னாளில் அந்த வரியைப் படிப்பவருக்குக் கிடைப்பதே இல்லை. ஆகவே சங்கிலி முழுவதும் நிற்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். தேவையற்ற இடத்தில் இட்ட கேள்விக்குறியைத் தொகுப்பி எச்சரித்துக் காட்டவும் வழிசெய்யுங்கள்.

அடுத்தது, மதிப்பு இல்லாதபோது அதன் இடத்தில் வைக்கும் மாற்று மதிப்பு. நான் முன்பு பணியாற்றிய ஒரு குழுவில், உணரி அனுப்பிய வெப்பநிலை 0 என்று வந்தபோதெல்லாம் திரையில் 25 என்று தெரிந்தது. ஜாவாஸ்கிரிப்டில் 'அல்லது' என்று பொருள்படும் || என்ற குறி 0ஐயும் எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தையும் பொய்யாகக் கொண்டு, வலப்பக்கம் எழுதியிருந்த மாற்று மதிப்பை எடுத்துக்கொண்டதே காரணம். பிழைச்செய்தி எதுவும் வராததால் பல நாள்கள் உணரியையே குறைசொல்லிக்கொண்டிருந்தோம். மதிப்பு இல்லாதபோது மட்டும் மாற்று மதிப்பை எடுக்கும் ?? குறியை ஜாவாஸ்கிரிப்ட் 2020இல் சேர்த்தபோது, அதை || அல்லது && ('மற்றும்') உடன் அடைப்புக்குறியின்றிக் கலந்து எழுதுவதையும் இலக்கணப் பிழையாக்கியது. அந்தக் கண்டிப்பை நான் மனமார வரவேற்கிறேன். சுழியமும் ஒரு மதிப்பு. அதை இன்மையோடு சேர்க்கும் குறி உங்கள் மொழியில் இருக்கவே கூடாது.

மதிப்பு கட்டாயம் இருக்கிறது என்று நிரலாளர் அடித்துச் சொல்லும் குறி பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. ஸ்விஃப்டில் அதற்கு ஒரே ஒரு வியப்புக்குறி போதும், கோட்லினில் இரண்டு. நிரலை நிறுத்திவிடக்கூடிய ஒரு முடிவு இவ்வளவு சிறிய புள்ளியளவில் ஒளிந்திருந்தால், மறுஆய்வு செய்பவரின் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ரஸ்ட் மொழியில் 'எக்ஸ்பெக்ட்' என்று எழுதும்போது ஒரு செய்தியையும் உடன் தர வேண்டியிருக்கிறது. நம்பிக்கை பொய்த்தால் அந்தச் செய்தியோடுதான் நிரல் நிற்கும். இந்த வழியை நீங்கள் இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்று, காரணம் எழுதாத வலியுறுத்தலை அனுமதிக்காமல் விடலாம். இதனால் எழுதுபவருக்குச் சிறிது எரிச்சல் உண்டாகும் என்பதை அறிவேன். இந்த ஒரு இடத்தில் அந்த எரிச்சல் தேவையானது.

அடுக்கடுக்கான இன்மையையும் மறந்துவிடாதீர்கள். திறவுச்சொல்லைக் கொடுத்து அதற்குரிய மதிப்பைப் பெறும் தரவு அமைப்பான அகராதியில் ஒரு திறவுச்சொல் இல்லை என்பதும், திறவுச்சொல் இருந்து அதன் மதிப்பு இல்லை என்பதும் வேறுவேறு செய்திகள். ஸ்விஃப்ட் இரண்டையும் தரவு வகையிலேயே பிரித்துவைக்கிறது, கோட்லின் ஒன்றாக்கிவிடுகிறது. பிரித்துவைப்பதே சரி என்பது என் முடிவு.

குறிகளை இறுதி செய்யும் முன், பழைய நிரல்களிலிருந்து சில நூறு வரிகளை எடுத்துப் புதிய இலக்கணத்தில் மாற்றி எழுதி, அவற்றை எழுதாத ஒருவரிடம் கொடுத்து, எந்தெந்த மதிப்பு இல்லாமல் போகலாம் என்று சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடங்களில் குறியை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
பிறர் எழுதிய நிரலை அன்றாடம் படிக்கும் ஒரு நிரலாளர்