14ஆம் வசனத்தையும் படிக்கலாமே

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரட்சிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பவுல் எபேசு சபைக்கு எழுதிய எபேசியர் நிருபத்தில் 2ஆம் அதிகாரத்தின் 8, 9 வசனங்களோடு நின்றுவிட்டது. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம், கிரியைகளினால் அல்ல. சரிதான். ஓய்வுநாள் பாடசாலையில் எங்களை மனப்பாடம் செய்ய வைத்ததும் அந்த இரண்டைத்தான். இன்னும் ஐந்து வசனம் தள்ளினால், கிறிஸ்து ‘பிரிவினையாகிய நடுச்சுவரைத்’ தகர்த்தார் என்று வருகிறது. அதை ஒப்பிக்கச் சொல்லி யாரும் மிட்டாய் கொடுத்ததில்லை.

அந்தச் சுவரை வெறும் உவமையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. எருசலேம் தேவாலயத்தில் புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், தாண்டக் கூடாத தடுப்பு ஒன்று நிஜமாகவே இருந்தது. தாண்டுகிறவன் சாவுக்கு அவனே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டிய கல் 1871இல் கிடைத்து, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசு ஊர்க்காரன் துரோப்பீமுவை உள்ளே கூட்டிவந்தான் என்று நினைத்துத்தான் பவுலையே இழுத்துப் போட்டு அடித்தார்கள்.

நம் கதை மட்டும் என்ன? சபையில் சாதி கூடாது என்று 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டதும், தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். நற்கருணையில் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பதைவிட அது அவர்களுக்கு லேசாகப் பட்டிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர், சாதிகள் தனித்தனியே உட்கார, ஒரே பீடத்துக்கு இரண்டு சிறகு வைத்துக் கோயிலே கட்டினார்கள்.

எங்கள் கோயிலுக்குள் சுவர் கிடையாது. அசனம் என்கிற சபை விருந்துக்கு ஒரே அண்டாச் சோறு, ஒரே ஆட்டுக்கறிக் குழம்பு. ஆனால் கல்லறைத் தோட்டத்துக்கு வாசல் இரண்டு. நடுவில் இடுப்பளவு சுவர். தெற்குத் தெருக்காரர்களுக்கான வாசலில் கதவுகூட இல்லை, உடைமுள் வைத்து அடைத்திருப்பார்கள். அந்தத் தெருக்காரர் ஒருவர், என்னோடு ஒரே நாளில் திடப்படுத்தல் எடுத்து முழு அங்கத்தினர் ஆனவர், நாற்பது வருஷம் கோயில் மணி அடித்தவர். போன வருஷம் அவரை அந்த வழியாகத்தான் தூக்கிப் போனோம். முள்ளை ஒதுக்க ஆள் போதவில்லை. பெட்டிமேல் போட்டிருந்த வெள்ளைத் துணி மாட்டிக் கிழிந்தது. அவர் மகன் ஒன்றும் பேசாமல் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

சபைக் கமிட்டியில் இந்தச் சுவரைப் பற்றிக் கேட்டேன். “இரட்சிப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி? பரலோகத்துல எல்லாரும் ஒண்ணாத்தான இருக்கப் போறோம்” என்றார் ஒருவர். மற்றவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், இந்தக் கேள்வியை அவரிடம் கொடுங்கள். எனக்கு அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை.

மழைக்கு முன்னால் கல்லறைத் தோட்டச் சுவரைப் பூசி வெள்ளையடிக்க வேண்டும், வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் என்று போன ஞாயிறு அறிவிப்பு வாசித்தார்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
(பெயரும் ஊரும் போட வேண்டாம். ஞாயிறுதோறும் அங்கேதான் போயாக வேண்டும்.)