‘ரன்’னுக்கு 645 பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்களின் ஆங்கிலம் குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரை இலக்கணத்தோடு நின்றுவிட்டது. சொற்களை நாம் கற்பிக்கும் விதத்தையும் பேச வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

‘ரன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘ரன் என்றால் ஓடு’ என்று தொடக்கப் பள்ளியிலேயே பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக அதே சொல்லைத் திருத்தி எழுத, அதன் அகராதி ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 430-க்கும் மேற்பட்ட பொருள்களோடு ‘செட்’தான் முதலிடத்தில் இருந்தது. ‘ரன்’ அதை முந்தியதில் இயந்திரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில், ஆலை, கணினி நிரல் என்று புதிதாக எது வந்தாலும் ஆங்கிலம் அதை ‘ரன்’ ஆக வைத்தது.

645 என்றதும் பிள்ளைகள் மிரள வேண்டியதில்லை. இதில் கணிசமான பகுதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தமிழிலும் பம்புசெட் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, புடவையில் ஜரிகை ஓடுகிறது, வியாபாரம் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. கவலையில் இருப்பவர் ‘ஒன்றுமே ஓடவில்லை’ என்கிறார். ஒரு சொல் பல வேலை பார்க்கும் என்பதைத் தாய்மொழியிலேயே அறிந்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ஒற்றைப் பொருளைக் கொடுக்கிறோம்?

இரு மொழிகளும் பிரிகிற இடங்கள் இன்னும் சுவையானவை. ஆங்கிலேயர் கடையை ‘ரன்’ செய்கிறார், நாம் நடத்துகிறோம். அங்கே ஓட்டம், இங்கே நடை! தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார். பிரிட்டனில் நிற்கிறார்கள், நாமும் நிற்கிறோம். சளி பிடித்தால் நமக்கு மூக்கு ஒழுகும், துவைத்தால் சாயம் போகும், சர்க்கரை தீர்ந்துபோகும். இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ வருகிறது. ‘மூக்கு ஓடுகிறது’ என்று மொழிபெயர்க்கும் மாணவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாம் கொடுத்தது அந்த ஒரே பொருள்தான். அப்புறம் கிரிக்கெட். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் ஓடாமலே நான்கு ‘ரன்’ என்பது எந்தத் தெருப்பையனுக்கும் தெரியும். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாமே.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் இந்தப் பொருள்களை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஜேம்ஸ் மர்ரே பதிப்பாசிரியராக இருந்த காலத்தில், தன்னார்வ வாசகர்கள் புத்தகங்களிலிருந்து வாக்கியங்களைச் சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள். அவற்றைப் பிரித்து அடுக்கித்தான் பொருள் வகுத்தார்கள். நம் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யும் பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியம் தருகிறது. அதனால்தான் அதைப் புரட்டும்போது சொல் புழங்கும் இடம் கண்ணில் படுகிறது. கடைகளில் விற்கும் மாணவர் கையேடுகளில் பலவும் இதைச் செய்வதில்லை. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல், அவ்வளவுதான். அதைப் படித்தவர் தேர்வில் மதிப்பெண் வாங்குவார், ஆங்கிலச் செய்தித்தாளின் முதல் பத்தியிலேயே திணறுவார்.

பாடநூல் தயாரிப்பவர்களுக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான புதுச் சொற்களைத் திணிப்பதற்குப் பதிலாக ‘ரன்’, ‘செட்’, ‘டேக்’, ‘கெட்’ போன்ற சில சிறு வினைச்சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து வாக்கியங்கள் கொடுங்கள். அந்த வாக்கியங்களைத் தமிழில் எப்படிச் சொல்வோம் என்று வகுப்பில் பேச நேரமும் ஒதுக்குங்கள். உங்கள் மாணவர் பகுதியில் வாரம் ஒரு சொல்லுக்கு இடம் கொடுத்தால், முதல் சில வாரங்களுக்கு எழுதித் தர நான் தயார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்