ஃபெலோஷிப்புக்கு ஒற்றைச் சொல் போதாது

கலைச்சொல் குழுக்களுக்கும் அகராதி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஃபெலோஷிப் என்பதற்கு நேரே 'உதவித்தொகை' என்று மட்டும் போட்டு முடித்துவிடும் சொற்பட்டியல்களைத் திருத்தும்படி கேட்டு இதை எழுதுகிறோம். மொழிபெயர்ப்பும் சொல்தொகுப்பும் எங்கள் வேலை. அந்த ஒரு சொல்லை நம்பி எழுதும் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், செய்திதான் பொய்யாகிவிடும். அதனால் படிப்பவருக்குச் சந்தேகமே எழாது.

ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1918இல் அவருக்கு இரண்டு ஃபெலோஷிப்கள் கிடைத்தன. மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டி அவரை ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்தது. அது அறிஞர் அவையில் ஓர் இடம், சம்பளம் கிடையாது. அக்டோபரில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ ஆனார். இது கல்லூரிப் பதவி, ஆண்டுக்கு 250 பவுண்டு உண்டு. 'ராயல் சொசைட்டியின் உதவித்தொகை பெற்றார்' என்று எழுதினால், அறிவியலின் மிகப் பெரிய மதிப்புகளில் ஒன்று படிப்புச் செலவுக்கான காசாகிவிடுகிறது.

பணமும் தோழமையும் இந்தச் சொல்லில் பிறப்பிலேயே ஒட்டியிருக்கின்றன. பழைய நார்ஸ் மொழியில் 'ஃபெலாகி' என்பவர் முதலைச் சேர்த்துப் போட்டுத் தொழில் செய்யும் கூட்டாளி. அதில் 'ஃபே' கால்நடையையும் செல்வத்தையும் குறிக்கும். மாடு என்றாலே செல்வம் என்ற பொருளும் உள்ள தமிழுக்கு இது புதிதல்ல. ஆங்கிலக் கல்லூரிகளிலும் ஃபெலோ என்பவர் ஆட்சிக்குழுவில் ஒருவர். முன்பு கல்லூரி வருவாயில் அவருக்குப் பங்கும் இருந்தது.

எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்கக் கூடவரும் வினையைப் பாருங்கள். விண்ணப்பித்தார், வழங்கினார்கள், நீட்டித்தார்கள் என்றால் ஆய்வு நல்கை, அதாவது ஆய்வு செய்யப் பணத்தோடு தரும் விருது. தேர்ந்தெடுத்தார்கள், உயர்த்தினார்கள் என்றால் உறுப்பினர் தகுதி. 'பெற்றார்' என்பதுதான் ஏமாற்றும் வினை, இரண்டுக்கும் பொருந்தும். அங்கே யார் கொடுத்தது, எத்தனை காலத்துக்கு, பணம் வருமா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். காலவரம்பின்றிப் பெயருக்குப் பின்னால் எழுத்துகளாக நிற்பது பெரும்பாலும் உறுப்பினர் தகுதி.

அந்தத் தகுதியை வெறும் 'உறுப்பினர்' என்று எழுதுவதும் பிழை. தொழில்முறை அமைப்புகள் பலவற்றில் உறுப்பினருக்கு மேலே உள்ள படி ஃபெலோ. மின்பொறியாளர்களின் ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பு ஓராண்டில் ஃபெலோவாக உயர்த்துவோரின் எண்ணிக்கை, வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் ஆயிரத்துக்கு ஒருவரைத் தாண்டக் கூடாது. 'சிறப்பு உறுப்பினர்' என்றாவது வேறுபடுத்துங்கள்.

ஆய்வு மாணவர்கள் 'இந்த மாசம் ஃபெலோஷிப் வந்துச்சா?' என்று கேட்பது பணத்தை. ஆனால் 'ஃபெலோஷிப் ரத்து' என்று ஆணையில் வந்தால், தொகை மட்டும் நின்றதா, ஆய்வு இடமே போனதா? இதில் தடுமாறினால் ஒருவருடைய பிழைப்பே சிக்கலாகும். விருதை 'நல்கை' என்றும், பணத்தை 'நல்கைத்தொகை' என்றும், ஆளை 'நல்கையாளர்' என்றும் பிரித்துவிடலாம். 'உதவித்தொகை' ஸ்காலர்ஷிப்புக்கே இருக்கட்டும். அசிஸ்டன்ட்ஷிப் வேறு, அதில் பாடம் நடத்துவது போன்ற வேலைக் கடமை உண்டு.

மருத்துவத்தில் 'ஃபெலோஷிப் முடித்தார்' என்றால் சிறப்புப் படிப்புக்குப் பின் ஓர் உட்பிரிவில் பெற்ற மேற்பயிற்சி. எஃப்.ஆர்.சி.எஸ்.இல் உள்ள ஃபெலோ அப்படியல்ல, அது அறுவை மருத்துவர் கல்லூரியின் தகுதி.

கிறிஸ்தவ வழக்கில் தயவுசெய்து கைவைக்காதீர்கள். நெடுங்காலமாகப் புழங்கும் தமிழ் வேதாகமத்தில் 1 யோவான் 1:3 'ஐக்கியம்' என்கிறது, அப்போஸ்தலர் 2:42 'அந்நியோந்நியம்' என்கிறது. இரண்டும் கிரேக்கத்தில் 'கொய்னோனியா'தான். ஒரே மூலச்சொல்லுக்கு இடமறிந்து இரு சொல் தேடியவர்களின் உழைப்பு அது. சீர்மை என்ற பெயரில் 'கூட்டுறவு' என்று மாற்றினால் கடன் சங்கம்தான் நினைவுக்கு வரும்.

குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோரின் அமைப்பான, 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன்னை ஃபெலோஷிப் என்றே சொல்லிக்கொள்கிறது. அங்கே சேரக் கட்டணமோ சந்தாவோ இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் போதும். 'சங்கம்' என்றால் சந்தா கேட்பார்களோ என்று உதவி தேடி வருபவர் தயங்கக்கூடும். 'தோழமை' பொருந்தும்.

அகராதிப் பதிவில் தோழமை, ஐக்கியம், சிறப்பு உறுப்பினர் தகுதி, ஆய்வு நல்கை, மருத்துவ மேற்பயிற்சி என ஐந்து பொருளையும் எண்ணிட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வினையோடு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் தாருங்கள். மின்பட்டியல்களில் துறைக்கென ஒரு நெடுவரிசை சேருங்கள். துறை தெரியாத இடத்தில் அந்தக் கட்டம் காலியாகவும், சொல் 'ஃபெலோஷிப்' என்றும் இருக்கட்டும். பின்னர் திருத்த வருபவர் எதைத் தேட வேண்டும் என்று அதை வைத்தே கண்டுகொள்வார்.

அன்புடன்,
மொழிபெயர்ப்பாளர்களும் சொல்தொகுப்பாளர்களும்