செல்மாவுக்கு வந்த மால்கமையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

அமெரிக்கத் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை, மார்ட்டின் லூதர் கிங் நாளையொட்டி நீங்கள் நடத்தும் பேச்சுப் போட்டிகளுக்குப் பல ஆண்டுகளாக நடுவராக வருகிறேன். பிள்ளைகள் கணீரென்று பேசுகிறார்கள். பெரியவர்கள் எழுதிக் கொடுக்கும் உரைதான் மாறுவதே இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய இரு தலைவர்களில், காந்தி வழியில் நடந்த கிங் நல்லவராம், வன்முறை பேசிய மால்கம் எக்ஸ் கெட்டவராம். இந்த முறை பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அதை அப்படியே ஒப்பித்தபோது மனம் பொறுக்கவில்லை.

1965 பிப்ரவரி 4 அன்று அலபாமாவின் செல்மா நகரில் என்ன நடந்தது தெரியுமா? கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யக் கோரிய போராட்டத்தில் கைதாகிச் சிறையில் இருந்தார் கிங். மாணவர் இயக்க இளைஞர்கள் அழைத்து வந்த மால்கம், அங்கிருந்த தேவாலயத்தில் பேசினார். பக்கத்தில் கிங்கின் மனைவி கொரெட்டா. உங்கள் கணவரின் வேலையைக் கடினமாக்க நான் வரவில்லை, அவரை விட்டால் வேறு வழி எப்படி இருக்கும் என்று வெள்ளையர்கள் உணர்ந்தால் அவர் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள் என்று கொரெட்டாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து பதினேழாம் நாள் நியூயார்க்கில் மால்கமைச் சுட்டுக் கொன்றார்கள். தாக்குகிறவனிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் உரிமை எங்களுக்கும் உண்டு என்றவர் அவர். அதற்கா கெட்டவர் என்ற பெயர்?

கிங்கும் பிறக்கும்போதே அகிம்சையோடு பிறந்துவிடவில்லை. 1956இல் அதே அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் அவர் வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட பிறகு, துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டார், அதிகாரிகள் மறுத்தார்கள். அகிம்சைப் போராளி பேயர்ட் ரஸ்டின் போன்றவர்கள் உடனிருக்க, போராட்டத்தின் நடுவிலேதான் அவர் சத்தியாகிரகத்தில் ஊறினார்.

அதே ஊரில் 381 நாட்கள் மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்து நடந்தார்கள். பஸ்ஸில் இனப்பிரிவினையை ஒழித்தது நீதிமன்றத் தீர்ப்பு. வழக்குத் தொடுத்த பெண்களில் ஒருவர் கிளாடெட் கோல்வின். எந்தக் கைதால் அந்தப் புறக்கணிப்பு தொடங்கியதோ அந்த ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, வெள்ளையருக்காகப் பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர்; அப்போது வயது 15. உங்கள் மாணவிகளின் வயதுதான். எந்த உரையிலும் அவர் பெயரை நான் கேட்டதில்லை.

1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதே போராட்டத்தின் வேகத்தில் அக்டோபரில் வந்த குடியேற்றச் சட்டம், நாடு பார்த்து ஆளை ஒதுக்கும் பழைய முறையை ஒழித்தது. நம்மில் பெரும்பாலோர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். வாசல் திறக்கப் பாடுபட்டவர்களை நல்லவர், கெட்டவர் என்று தரம் பிரிக்க நாம் யார்?

கிங்கும் மால்கமும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை சந்தித்தார்கள். 1964 மார்ச் 26, செனட் விவாதத்தைக் கேட்க வந்த இடத்தில் கைகுலுக்கி, ஓரிரு வார்த்தை பேசிப் பிரிந்தார்கள். அடுத்த ஜனவரியில் எழுதிக் கொடுத்த உரை வேண்டாம். இரண்டு பிள்ளைகளை அந்த இருவராக மேடையில் நிறுத்தி, அன்று நேரமில்லாமல் போன உரையாடலை அவர்களே பேசட்டும் என்று விடுங்கள். நடுவராக அழைக்காவிட்டாலும் கேட்க வருவேன்.