உயிருக்கு விலை பேசாதே என்னும் மூத்த டைவர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மார்களே, அக்காமார்களே,

போன ஞாயிறு புதுச்சேரியில் படகு கரை திரும்பியதும் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓப்பன் வாட்டர் பயிற்சியை இப்போதுதான் முடித்த தம்பி ஒருவன், சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் ரெகுலேட்டர் செகண்ட் ஹேண்டில் கிடைக்குமா என்று கேட்டான். "உயிரோடு விளையாடாதே தம்பி" என்றார் உங்களில் ஒருவர். "காசில்லை என்றால் கேரம் ஆடப் போ" என்றார் இன்னொருவர். கூடச் சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இதே பேச்சைக் கேட்டுத்தான் நானும் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி ஒன்று வாங்கினேன். வாங்கியதோடு சரி. இவ்வளவு விலை கொடுத்ததற்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று மூன்று வருடம் சர்வீஸுக்கே விடவில்லை. ஒருநாள் 14 மீட்டரில் மூச்சை இழுத்தால் காற்றோடு உப்புத்தண்ணீரும் வருகிறது. இருமிக்கொண்டே ஆக்டோபஸ் எனும் உபரி வாய்க்கருவிக்கு மாறி, மெதுவாக மேலே வந்து சேர்ந்தேன். பிரித்துப் பார்த்தால், விடும் மூச்சு வெளியேறுகிற இடத்தில் இருக்கும் மெல்லிய ரப்பர் வால்வு ஓரம் சுருண்டு கிழிந்திருந்தது. மொத்தக் கருவியிலும் மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று.

விலை கூடக்கூட என்ன கிடைக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை ரெகுலேட்டரின் முதல் கட்டம் சுமார் 10 பாருக்கு இறக்கும். வாயில் கடிக்கும் இரண்டாம் கட்டம், நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு அதைச் சமமாக்கித் தரும். இழுத்தால் மட்டும் காற்று என்ற அடிப்படை, 1943இல் கூஸ்தோவும் கக்னானும் அக்வாலங் எனும் நீரடி மூச்சுக்கருவியைச் செய்த காலத்திலிருந்து மாறவில்லை. விலை உயர்ந்தது ஆழத்தில் இன்னும் லேசாக மூச்சு தரும், பனிக்குளிர் நீரில் உறையாது. சரி, 18 மீட்டரைத் தாண்டாத பையனுக்கு, நம் வெதுவெதுப்பான வங்கக்கடலில், உறையாத ரெகுலேட்டர் எதற்கு?

அவனிடம் சொல்லவேண்டியது வேறு. பழையதை வாங்கலாம், ஆனால் அந்த மாடலுக்கு, சர்வீஸில் மாற்றும் பாகங்கள் அடங்கிய சர்வீஸ் கிட் இன்னும் கிடைக்கிறதா என்று முதலில் பார், சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிக்கொள். மாஸ்க்கைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழு. கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உன் முகத்துக்கானது, விலைச்சீட்டை அப்புறம் பார்க்கலாம். புதிதாகத்தான் வாங்குவேன் என்றால், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை வாங்கு. இவ்வளவுதானே? இதைச் சொல்ல நமக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

தூத்துக்குடிப் பக்கம், படகில் கம்ப்ரஸரை ஓடவிட்டு நீளக் குழாயில் காற்று இழுத்துச் சங்கு எடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து தெரியாமல் போகிறவர்கள் அல்லர். உயிரோடு விளையாடாதே என்று அவர்களிடம் போய்ச் சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்?

வரும் ஞாயிறும் அந்தத் தம்பி வருகிறான். சர்வீஸ் முடித்த என் பழைய ரெகுலேட்டரை அவனுக்குக் கொண்டுவருகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் தூங்குவதையும் எடுத்து வாருங்கள். அப்படியே, இப்போது போட்டுக்கொண்டு இறங்குகிறீர்களே, அதன் கடைசி சர்வீஸ் ரசீதையும்.

இப்படிக்கு,
உங்களோடு சேர்ந்து சிரித்தவன்